யுவனேஸ்வரி எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம்

பத்து பாகாட் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்த அரசு அலுவலகம் இருந்தது. எந்த இலாகா என்பது நமக்கு வேண்டாம். சொன்னால் அங்கே இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து இலாகாவைத்தான் சொல்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வார்கள். அங்காடிக்காரர்களும் சின்னப் பட்டறைக்காரர்களும் உரிமம் புதுப்பிக்க வருகிற இடம் என்று தெரிந்தால் போதும்.

தேனப்பன் அங்கே முப்பத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா. வயது ஐம்பத்தேழு. செட்டிநாட்டுப் பூர்வீகம். அண்ணன்மார் இருவரும் மூவாரிலும் கோலாலம்பூரிலும் வியாபாரம் செய்து ஏறினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள். தேனப்பன் ஏறவுமில்லை, விழவுமில்லை. குடும்ப விசேஷங்களில் அவரை வைத்துக் கேலி நடக்கும். கோவிட் வந்து மூவார்க் கடையை இழுத்து மூடிய வருடம் மட்டும் யாரும் கேலி செய்யவில்லை. அந்த ஒரு வருடத்தை வைத்தே அவர் மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவார் போலிருந்தது. “என்னை யாரும் தூக்க முடியாது” என்பதை அவர் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைச் சோம்பேறி என்றால் பாவம். எட்டு மணி அலுவலகத்துக்கு ஏழு நாற்பதுக்கே வந்துவிடுவார். கொடுத்த வேலையைச் செய்வார், கொடுக்காத வேலையைத் தொட மாட்டார். மேலே இன்னொருவர் கையெழுத்து இல்லாத எந்தக் காகிதத்திலும் அவர் கையெழுத்து இருந்ததில்லை. கீழே போடுவார், ஓரமாக, சின்னதாக. புது அதிகாரிகள் வருவார்கள், புதுத் திட்டம் கொண்டுவருவார்கள், இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போவார்கள், திட்டமும் கூடவே போய்விடும். இதைப் பலமுறை பார்த்துவிட்டவருக்கு எதிலும் அவசரம் வராது. இத்தனை வருடத்தில் ஒரு விளக்கக் கடிதம்கூட அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் பெருமையெல்லாம் அதில்தான் இருந்தது.

அவருக்கு அடுத்த மேசை யுவனேஸ்வரிக்கு. சாஆ என்கிற ஊருக்குப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் குலை வெட்டிய ஐயாசாமியின் மகள். இருபத்தாறு வயதில் ஒப்பந்த ஊழியராக வந்தாள், இப்போது முப்பத்து நான்கு. ஒரு வருட ஒப்பந்தம். டிசம்பரில் கடிதம் வந்தால் இன்னொரு வருடம். எட்டு டிசம்பர்களை அப்படித்தான் அவள் தாண்டியிருந்தாள். சொந்தத்தில் யாராவது மார்ச் மாதம் கல்யாணம், வந்துவிடு என்றால் உடனே சரி என்று சொல்ல வராது. அவளுக்கு வருடம் டிசம்பரில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உலகம் இருக்கிறதா என்பது கடிதம் வந்தால்தான் தெரியும்.

வெள்ளம் வந்த வருடம் தண்ணீர் அலுவலகத்தின் கோப்பு அறைக்குள் புகுந்தது. ஆறாயிரத்து நானூறு கோப்புகள் ஊறிப் போயின. யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது ஒருவருக்கு ஆஸ்துமா, ஒருவருக்குப் பிள்ளை பரீட்சை, தேனப்பனுக்கு முதுகுவலி. யுவனேஸ்வரிக்கு ஒன்றுமில்லை. இரண்டு மின்விசிறி, நாலு கட்டுத் துணிக் கிளிப்பு, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தாள். காய்ந்ததை ஸ்கேன் செய்தாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. யார் உரிமம் எப்போது முடிகிறது என்று கணினியில் ஏற்றி, முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் அவரவர் கைப்பேசிக்குச் செய்தி போகிற மாதிரி செய்துவைத்தாள். இதெல்லாம் முடிய மூன்றாவது வருடமாயிற்று, அதாவது இந்த வருடம். முன்பு மூன்று மணி நேரம் காத்துக்கிடந்த அங்காடிக்காரர்கள் இருபது நிமிடத்தில் போனார்கள். கோரெங் பீசாங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜி விற்கிற ஒரு மலாய்க்கார அம்மா ஒருநாள் பொட்டலத்தோடு வந்து முகப்பில் வைத்துவிட்டுப் போனார். நிரந்தரக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு எடுத்துத் தின்றார்கள்.

அக்டோபர் மாதம், தேநீர் வேளையில், யுவனேஸ்வரி தேனப்பன் மேசைக்கு வந்து நின்றாள்.

“அண்ணே, ஒன்னு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“கேளும்மா.”

“இந்த வருஷ விருது உங்க கிலிரான்தானே?”

கிலிரான் என்றால் முறை. அந்த அலுவலகத்தில் நற்சேவை விருது வருடத்துக்கு ஒருவருக்குக் கொடுப்பார்கள். சட்டப்படி அது சிறந்த ஊழியருக்கு. நடைமுறையில் அது கிலிரான்படி. நிரந்தர ஊழியர் பதின்மூன்று பேரின் பெயரும் வரிசையாக எழுதி, எழுதுபொருள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. பதின்மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் சிறந்தவர். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. ஒப்பந்தக்காரர்கள் பெயர் அந்தத் தாளில் கிடையாது. யாரும் வேண்டாமென்று விடவில்லை, யாருக்கும் தோன்றவில்லை.

“ஆமா. பதிமூனு வருஷம் கழிச்சு வருது. ஏன்?”

“பிப்ரவரியில நிரந்தரத்துக்கு இன்டர்வியூ வைக்கிறாங்க அண்ணே. நம்ம பகுதிக்கு ஒரே எடம்தான். விருது வாங்கியிருந்தா அதுக்குத் தனி மார்க் இருக்கு. ரூல்ஸ் எடுத்துப் படிச்சிட்டேன், காண்ட்ராக் ஆளுக்கும் குடுக்கலாம்னு போட்டிருக்கு. நீங்க விட்டுக் குடுத்தா பாஸ் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.” அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது.

தேனப்பனுக்கு அந்த விருதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு சான்றிதழ், ஒரு கண்ணாடிக் கட்டை, ஒரு புகைப்படம். இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. இந்தப் பெண்ணுக்கோ அது வாழ்க்கை.

“அட, இதுக்கா இவ்வளவு யோசிச்ச? உனக்கில்லாததா. கூட்டத்துல நானே சொல்றேன்லா” என்றார்.

மனதாரத்தான் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும்போது தான் நல்லவன் என்கிற நினைப்பில் கார் ஓட்டுவதே அவருக்குச் சுகமாக இருந்தது.

அடுத்த வாரம் கூட்டம். புவான் என்றால் அம்மா, என்சிக் என்றால் ஐயா. தலைமை அதிகாரி புவான் ரொஹாயு நல்ல மனுஷி. கத்த மாட்டார், யாரையும் கடிந்து பேச மாட்டார், அடுத்த மாற்றல் ஜொகூர் பாருவுக்குக் கிடைக்குமா என்பது ஒன்றே அவர் கவலை. கடைசி விஷயமாக விருதுக்கு வந்தார். “இந்த வருடம் என்சிக் தேனப்பன். ஆட்சேபம் யாருக்காவது உண்டா?” என்று மலாயில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நிரந்தரக் குமாஸ்தா ஷாமளா, “அண்ணே, பெலாஞ்ஜா! விருந்து நாசி பிரியாணிக்குக் குறைஞ்சு ஒத்துக்க மாட்டோம்” என்று கத்தினாள்.

தேனப்பன் எழுந்தார். சொல்லத்தான் எழுந்தார். பன்னிரண்டு முகங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. நான் விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடக்காரரும் விட்டுக்கொடுக்கச் சொல்வார்களே, கிலிரானைக் கெடுத்தவன் என்று பெயர் வருமே என்று தோன்றியது. தனியாக பாஸ் அறையில் போய்ச் சொல்லிக்கொண்டால் போகிறது என்றும் தோன்றியது. “தெரிமா காசே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கதவோரம் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் யுவனேஸ்வரி. ‘என்சிக் தேனப்பன் நன்றி தெரிவித்தார்’ என்று எழுதினாள். தலை நிமிரவில்லை.

பாஸ் அறைக்கு அவர் போகவுமில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் போனது. அதற்குள் ஜொகூர் பாரு தலைமையகத்திலிருந்து படிவம் வந்துவிட்டது. விருது பெறுகிறவர் அந்த வருடம் ஆற்றிய பணிகளை இரண்டு பக்கத்துக்குக் குறையாமல், எண்ணிக்கைகளோடு எழுத வேண்டும். தேனப்பன் இரண்டு நாள் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சீக்கிரம் வந்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இதற்கு முன் விருது வாங்கிய ஐந்து பேருக்கும் எழுதிக் கொடுத்தது யார் என்று அலுவலகத்துக்கே தெரியும். மலாயில் அவள் எழுதினால் அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். வெட்கத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

“யுவனா, அன்னிக்கி சொல்லலாம்னுதான் எழுந்தேன்மா. அதுக்குள்ள எல்லாரும் கைதட்டிட்டாங்க.”

“பரவால்ல அண்ணே.”

“இந்த ஃபாரம் மட்டும் கொஞ்சம் எழுதிக் குடுத்துரு.”

அவள் வாங்கிப் பார்த்தாள். “இந்த வருஷம் நீங்க என்ன செஞ்சீங்கன்னு போடட்டும்?”

“ஆபீஸ்ல நடந்ததப் போடும்மா. எல்லாரும் அப்படித்தானே போட்டாங்க.”

“ஆபீஸ்ல நடந்ததுன்னா நான் செஞ்சதுதான் அண்ணே இருக்கு.” குத்திக் காட்டுகிற குரல் அதில் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் உறைத்திருக்கும்.

“அப்ப அதையே போட்டுரு. யாரு செஞ்சா என்ன, நம்ம ஆபீஸ் பேருதானே. அலுவலகத்துக்கு நல்ல பேரு வந்தா பாஸ் உன்னையும் சொல்லுவாங்க.”

அவளும் அதைத்தான் நினைத்தாள் போலும். எட்டு வருடம் நம்பியே பழகியவளுக்கு இன்னும் ஒருமுறை நம்புவது கஷ்டமாக இருக்கவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: பணி தனியாகச் செய்யப்பட்டதா, குழுவாகவா? குழு என்றால் உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயரும் நிரந்தர ஊழியர் எண்ணும் வேண்டும். அவளுக்கு அந்த எண் கிடையாது. படிவத்தைக் கணினியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும், எண் இல்லாமல் பெயர் போட்டால் அது ஏற்காது. இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, ‘தனியாக’ என்ற கட்டத்தில் குறியிட்டாள். பிறகு கோப்புகள், ஸ்கேன், கைப்பேசிச் செய்தி, மூன்று மணி நேரம் இருபது நிமிடமானது எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு, தேதியோடு, தேனப்பன் பெயரில் எழுதினாள். அவர் படித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. தான் இவ்வளவு செய்தவனா என்று ஒரு நொடி அவருக்கே சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். புவான் ரொஹாயு மேலே கையெழுத்துப் போட்டிருந்தார். தேனப்பன் அதற்குக் கீழே ஓரமாகப் போட்டார்.

நவம்பரில் விருது. பிரியாணியும் ஆயிற்று. யுவனேஸ்வரியும் வந்து சாப்பிட்டாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் கடிதம் வந்தது. புவான் ரொஹாயு அவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்து, நேராகத் தேனப்பன் மேசைக்கு வந்தாள். கையில் காகிதம்.

“புதுப்பிக்கலியாம் அண்ணே.”

“என்னது? ஏன்?”

அவள் மலாயிலேயே படித்தாள். உரிமப் பிரிவின் முழுப் பணியையும் ஒரே நிரந்தர ஊழியர் தனியாகத் திறம்பட நிறைவேற்றி வருவது நற்சேவை விருது அறிக்கையின் மூலம் தெரிய வருவதால், அப்பிரிவில் ஒப்பந்தப் பணியிடம் தேவையில்லை என்று தலைமையகம் கருதுகிறது. படித்துவிட்டு, “ ‘தனியாகத் திறம்பட’ன்னு நான் எழுதினேன் பாருங்க அண்ணே, அத அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க” என்றாள். அழுவாள் என்று அவர் பயந்தார். அழவில்லை. தன் எழுத்தில் தானே பிழை கண்டுபிடித்தவள் மாதிரி காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தேனப்பனுக்குக் கவலை வந்தது. பாவம் இந்தப் பெண் என்பது பாதி, இனி கணினியை யார் பார்ப்பது என்பது மீதி.

மறுநாள் காலை அவர் வருவதற்குள் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“அப்பீல் பண்ணலாமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும். பாஸ்கிட்ட கேட்டேன். நீங்க எழுதிக் குடுத்தா மேல அனுப்புறேன்னாங்க. நாலு வரிதான் அண்ணே. அறிக்கையில இருக்குற வேலைய யுவனேஸ்வரி செஞ்சாங்க, நான் செய்யலன்னு. நானே அடிச்சிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்.”

தேனப்பன் தாளைப் பார்த்தார். கீழே ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே யார் கையெழுத்தும் இல்லை.

“வச்சிட்டுப் போம்மா. படிச்சுப் பாக்குறேன்.”

“பிப்ரவரி இன்டர்வியூவுக்கு சர்வீஸ்ல இருந்தாதான் கூப்பிடுவாங்க அண்ணே. இது போச்சுன்னா அதுவும் போச்சு. அடுத்த தடவை வர்றப்ப எனக்கு வயசு தாண்டிடும்.”

“தெரியுதும்மா. பாக்குறேன்.”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். நாச்சியம்மை இரவுச் சாப்பாடு வைத்தபோது விஷயத்தைச் சொன்னார். ரொம்ப நாள் கழித்து அலுவலக விஷயத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்கிறார். நாச்சியம்மை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இதுல யோசிக்க என்னங்க இருக்கு? போட்டுக் குடுக்க வேண்டியதுதானே.”

“உனக்குத் தெரியாது. அறிக்கையில நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப நான் செய்யலன்னு எழுதினா பொய் சொன்னேன்னு ஆகும். டிசிப்ளின் கேஸ். பாஸும் மாட்டுவாங்க.”

“வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?”

“தூக்க மாட்டாங்க. அதெல்லாம் முடியாது. விளக்கம் கேப்பாங்க. ரெக்கார்டுல ஏறும்.”

“பென்சன் போயிடுமா?”

“போகாது. ஆனாலும்…”

“கலியாணம் ஆன நாள்லேருந்து என்னை யாரும் தூக்க முடியாது, தூக்க முடியாதுன்னு சொல்லிக்கிட்டுத்தானே இருக்கீங்க” என்றாள் நாச்சியம்மை. “யாரும் தூக்க முடியாத ஆளுக்கு என்னங்க பயம்? தூக்கிருவாங்கன்னு பயப்பட வேண்டியது அந்தப் பொண்ணு. அதுவே தைரியமா வந்து கேக்குது.”

அவர் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்துவிட்டு எழுந்து கை கழுவினார். கோபமாக இருந்தது. யார்மேல் என்று பார்த்தால் யார்மேலும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேனப்பன் எழுந்து பாஸ் அறைக்கு நடந்தார். பையில் தாள், தாளில் இன்னும் கையெழுத்து இல்லை. உள்ளே போய் பாஸ் முன்னால் போடலாம் என்று நினைத்திருந்தார். முகப்பில் வேலை செய்துகொண்டிருந்த யுவனேஸ்வரி அவர் நடப்பதைப் பார்த்தாள். ஒரு அங்காடிக்காரரின் படிவம் அவள் கையிலேயே நின்றுவிட்டது.

“என்ன என்சிக் தேனப்பன்?” என்று கேட்டார் புவான் ரொஹாயு. அவர் முகத்தில் அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. சுவரில் அவருடைய மாற்றல் விண்ணப்பத்தின் நகல் ஒட்டியிருந்தது. அவர் மறுபடி சொன்னார்: “அந்தப் பெண் விஷயமா? கொடுங்கள், அனுப்புகிறேன். நானும் கையெழுத்துப் போட்டவள்தான். கேட்டால் நானும் பதில் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை, நீங்கள் முடிவு செய்யுங்கள்.”

கதவு திறந்துதான் இருந்தது. இவ்வளவு திறந்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. யாராவது தடுத்திருந்தால் தடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பேனாவை எடுத்தது. தாளை எடுக்கவில்லை.

“லீவு கேட்கலாம் என்று வந்தேன் புவான். மிச்சம் பதினான்கு நாள் இருக்கிறது. வருடக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் வீணாகிவிடும்.”

புவான் ரொஹாயு விடுப்புப் படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் தேனப்பன் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது யுவனேஸ்வரி எழுந்து நின்றிருந்தாள். “குடுத்துட்டீங்களா அண்ணே?” என்று கேட்டாள். தேனப்பன் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஆட்டினார். முப்பத்திரண்டு வருடத்தில் பழகிய ஆட்டல் அது. அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். “ரொம்ப நன்றி அண்ணே” என்றாள். இதைத்தான் அவரால் பிறகு எந்த வேளையிலும் விழுங்க முடியவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் பாஸ் சொல்லி அவளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். மதியமே லீவில் கிளம்பிவிட்ட அவர் அங்கே இல்லை. கடைசி இரண்டு வாரமும் அவர் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் கணினியை எப்படி இயக்குவது என்று ஒவ்வொரு படியாக எழுதி ஷாமளாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டார். ஷாமளா அதைப் பத்திரமாக எங்கோ வைத்தாள். எங்கே என்பது அவளுக்கே தெரியவில்லை.

ஜனவரியில் கைப்பேசிச் செய்திகள் நின்றன. பிப்ரவரியில் வரிசை வாசலைத் தாண்டியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்க அலுவலகம் என்றால் காத்திருக்க வேண்டியதுதான் என்று காத்திருந்தவர்களே சொன்னார்கள். கோரெங் பீசாங் அம்மா மட்டும் இரண்டு முறை வந்து, “அந்தப் பெண் எங்கே?” என்று கேட்டார்.

மார்ச்சில் தலைமையகத்திலிருந்து தேனப்பனுக்கே ஒரு கடிதம் வந்தது. ஒரே ஊழியர் ஒரு பிரிவின் முழுப் பணியையும் செய்வது எப்படி என்பதை எல்லா மாவட்ட அலுவலகங்களும் அறிந்துகொள்ள, அவர் ஜொகூர் பாருவில் முக்கால் மணி நேரம் உரையாற்ற வேண்டும். அதன் பிறகு மற்ற மாவட்டங்களின் ஒப்பந்தப் பணியிடங்களும் மறுபரிசீலனை செய்யப்படும். தேனப்பன் கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? யுவனேஸ்வரிக்குப் போன் செய்தார். எழுதுவதற்கு வேறு யாரை அவருக்குத் தெரியும்?

அவள் எடுத்தாள். பின்னால் இயந்திரச் சத்தம். பத்து பாகாட்டிலேயே ஒரு துணி ஆலையில் சேர்ந்திருந்தாள்.

“சொல்லுங்க அண்ணே.”

அவர் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“எல்லா மாவட்டத்துலேருந்தும் வருவாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. எழுவது எம்பது பேரு.”

“எனக்கு நேரமில்ல அண்ணே. பன்னெண்டு மணி நேர ஷிப்ட். அந்த ரெண்டு பக்கமே போதும், எல்லாம் அதுல இருக்கு.” பிறகு அவளே கேட்டாள். “அந்த இன்டர்வியூ நடந்துச்சா அண்ணே?”

“நடந்துச்சு.”

“யாருக்குக் கெடச்சுது?”

“தெரியலம்மா.”

உண்மையாகவே அவருக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவள் “சரி அண்ணே, ரெஸ்ட் டைம் முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஜொகூர் பாருவில் குளிரூட்டிய மண்டபம். தேனப்பன் அந்த இரண்டு பக்கத்தையும் படித்தார். இடையிடையே “நான்”, “என்னுடைய”, “நானே” என்று வந்தது. முதலில் வாய் கூசியது. பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. முன்வரிசை அதிகாரிகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் நன்றாகக் கை தட்டினார்கள்.

தேநீர் வேளையில் ஒரு தமிழ்ப் பெண் குறிப்பேடும் கையுமாக அவரிடம் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும்.

“வணக்கம் சார். வாசுகி. பெக்கான் நானாஸ்லேருந்து வர்றேன். காண்ட்ராக்ல ரெண்டாவது வருஷம். நீங்க சொன்னது எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன் சார். எங்க ஆபீஸ்லயும் ஸ்டோர்ல கூரை ஒழுகி நாலாயிரம் பைல் நனைஞ்சு கெடக்கு. யாரும் தொட மாட்டேங்கிறாங்க. நான் எடுத்து முடிச்சுக் காட்டலாம்னு இருக்கேன். முடிச்சா நிரந்தரத்துக்குப் பேர் குடுக்கிறதா சொல்லியிருக்காங்க.”

தேனப்பன் அவளைப் பார்த்தார். வேண்டாம்மா, முடித்துவிடாதே, முடித்தால் உன்னை அனுப்பிவிடுவார்கள் என்று சொல்ல நான்கு வார்த்தை போதும். வார்த்தை நாக்கு வரை வந்தது. இரண்டடி தள்ளித் தலைமையக இயக்குநர் தேநீர்க் கோப்பையோடு நின்று இவர்கள் பக்கம் பார்த்துப் புன்னகைத்தார். தேனப்பனும் புன்னகைத்தார்.

“ஒன்னே ஒன்னுதான் சார் சந்தேகம். நனைஞ்ச பக்கமெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிச்சுன்னா எப்படிப் பிரிக்கிறது?”

அவர் ஒரு பக்கத்தையும் பிரித்ததில்லை. அந்த அறைக்குள்கூடப் போனதில்லை.

“பொறுமையாப் பிரிக்கணும்மா” என்றார்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.